லட்லோ சிற்றூரும் சுற்றுவட்டாரக் கோட்டைகளும்: காரில் போக வழி சொல்லுங்கள்

மாடக்குளத்தான்

அனைவருக்கும் வணக்கம். பர்மிங்காமில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள். லண்டன் மீது அவர்களுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. "இங்கிலாந்தில் ஒரு நாட்டுப்புற ஊரைக் காட்டு, போதும்" என்கிறார் அப்பா. வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டை, கல்வெட்டு என்றால் பசியை மறந்துவிடுவார். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் படியேற முடியாது. இருவரும் சுத்த சைவம்.

காட்ஸ்வோல்ட்ஸ் போகச் சொல்கிறவர்களே, கோடையில் அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காது என்றும் சொல்கிறார்கள். அலுவலகத்தில் ஒருவர் ஷ்ராப்ஷயரில் வேல்ஸ் எல்லைப் பக்கம் இருக்கும் லட்லோவைச் சொன்னார். ஒரே ஊரில் இரண்டு இரவு தங்கி, காரில் சுற்றுவட்டாரத்தைப் பார்த்துவர அது தோதான ஊரா? என்னிடம் இருப்பது இந்திய ஓட்டுநர் உரிமம். நான் இங்கு வந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. கார் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும்.

கோட்டைப்பித்தன்

தயங்காமல் லட்லோவுக்குப் போங்கள். அப்பாவுக்கு வேண்டியது அங்கே கொட்டிக் கிடக்கிறது. அம்மாவுக்கும் அலைச்சல் இருக்காது.

சுமார் பத்தாயிரம் பேர் வாழும் ஊர். மேட்டின் மேல் ஊர். மேட்டை வளைத்து ஓடுகிறது டீம் ஆறு. மேற்கு முனையில் கோட்டை, கோட்டை வாசலிலேயே சந்தைத் திடல், அதைத் தாண்டினால் செயிண்ட் லாரன்ஸ் தேவாலயம். காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் மறுநாள் காலைவரை சாவியைத் தொட வேண்டியதில்லை. சட்டப் பாதுகாப்பு பெற்ற பழைய கட்டடங்கள் மட்டும் ஏறக்குறைய 500. பிராட் ஸ்ட்ரீட் என்ற தெருவில் மேலிருந்து கீழே நடந்தால், மரச்சட்ட வீடுகளும் ஜார்ஜ் மன்னர்கள் காலத்துச் செங்கல் வீடுகளும் தோளுரசி நிற்பதைப் பார்க்கலாம். தெருவின் அடியில் பழைய நகர மதிலின் வாயில் இன்னும் இருக்கிறது. கார்கள் அதன் வழியாகத்தான் போகின்றன.

கோட்டையைப் பற்றி அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் டி லேசி என்ற நார்மன் குடும்பம் எழுப்பியது. வேல்ஸ்காரர்களை எல்லையில் தடுத்து நிறுத்தக் கட்டிய கோட்டை, பின்னாளில் வேல்ஸையே நிர்வகித்த ஆட்சிமன்றத்தின் இருக்கையாக மாறியது. நான்காம் எட்வர்டின் மகன் 1473 முதல் இங்கே வளர்ந்தான். 1483இல் தந்தை இறந்ததும் முடிசூடப் புறப்பட்டுப் போன அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் லண்டன் டவருக்குள் வைக்கப்பட்டான். அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை. ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தரும் இங்கேதான் இறந்தான். அரகானின் கேத்தரினை மணந்து ஐந்து மாதம் ஆகும் முன்பே, 1502 ஏப்ரல் 2ஆம் தேதி, பதினைந்து வயதில். அந்த விதவையைத் தம்பி மணந்தான். அவன்தான் எட்டாம் ஹென்றி. அந்தத் திருமணத்தை முறித்துக்கொள்ளப் போய்த்தான் இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்தது.

உள் முற்றத்தில் வட்ட வடிவில் ஒரு தேவாலயம் தனியாக நிற்கும். 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கூரை போய்விட்டது, வட்டச் சுவர் முழுதாக இருக்கிறது. வாசல் வளைவில் இரம்பப் பல் வடிவத்தில் செதுக்கிய வரிகளை விரலால் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் நிற்கலாம். உள்ளே சுவரோடு ஒட்டிச் சிறு வளைவுகள் வரிசையாக ஓடும். ஒவ்வொரு தூண் தலைப்பிலும் செதுக்கு வேலை வேறு வேறு. இங்கிலாந்தில் வட்டத் தேவாலயங்கள் மிகக் குறைவு.

அடுத்துச் சொல்வதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். 1811இல் இந்தக் கோட்டையை அரசிடமிருந்து 1,560 பவுண்டுக்கு விலைக்கு வாங்கியவர் போவிஸ் பிரபு. அவருடைய இயற்பெயர் எட்வர்ட் கிளைவ். ராபர்ட் கிளைவின் மூத்த மகன். 1798 முதல் 1803 வரை சென்னை மாகாண ஆளுநர். 1799 மே 4ஆம் தேதி சீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தபோதும், அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோதும், 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டபோதும் கோட்டையில், அதாவது நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில், ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் அவர்தான். லட்லோ கோட்டை இன்றும் போவிஸ் குடும்பப் பண்ணையின் அறங்காவலர்கள் கையில் இருக்கிறது. அங்கே நுழைவுச் சீட்டு வாங்கும் தமிழர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதே என் ஆசை.

ரேணுகா (டெல்ஃபோர்ட்)

கார் விஷயம் நான் சொல்கிறேன் தம்பி. பல ஆண்டுகளாக இந்தச் சாலைகளில் ஓட்டுகிறேன்.

இந்திய உரிமத்தோடு இங்கே 12 மாதம் ஓட்டலாம். நீங்கள் வந்து குடியேறிய நாளிலிருந்து கணக்கு. உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் பன்னாட்டு அனுமதி கட்டாயம் இல்லை. ஆனால் சில வாடகை நிறுவனங்கள் அதையும் கேட்கும் என்பதால், பதிவு செய்வதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். அடிப்படைக் காப்பீட்டில் டயரும் கண்ணாடியும் பெரும்பாலும் சேராது. கிராமத்துச் சாலையில் சேதப்படுவதே அவை இரண்டும்தான். காரை எடுக்கும்போது நான்கு பக்கமும், சக்கர விளிம்புகளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு, முன்பே இருந்த கீறலுக்கு எங்களிடம் பணம் கேட்டார்கள். படம் இருந்ததால் தப்பித்தோம்.

பர்மிங்காமிலிருந்து கிடர்மின்ஸ்டர், பியூட்லி தாண்டி ஏ4117 சாலையைப் பிடியுங்கள். சுமார் 40 மைல். ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கிளியோபரி மார்ட்டிமர் தேவாலயத்தின் மரக் கோபுரம் முறுக்கிக்கொண்டு நிற்பதைக் காரிலிருந்தே பார்க்கலாம். பிறகு சாலை க்ளீ ஹில் மேல் ஏறும். அங்கே வேலி கிடையாது. ஆடுகள் சாலையில் படுத்திருக்கும். ஹாரன் அடித்தால் எழுந்திருக்காது, மெதுவாக ஊர்ந்து போனால் தானாக விலகும். மேலே வண்டியை ஓரங்கட்டி நின்றால் மேற்கே வேல்ஸ் மலைகள் வரை தெரியும். அங்கிருந்து இறக்கம் நேராக லட்லோவில் கொண்டுபோய் விடும்.

வெள்ளை வட்டத்தில் சாய்ந்த கறுப்புக் கோடு போட்ட பலகை இருந்தால், நடுவே தடுப்பில்லாத சாலையில் 60 மைல் என்று பொருள். அது உச்ச வரம்பு மட்டுமே. அடுத்த வளைவில் ஒரு டிராக்டர் நிற்கலாம், குதிரையில் யாராவது போகலாம். 40இல் போங்கள், பின்னால் வருபவர் பொறுத்துக்கொள்வார். ஒற்றைத் தடச் சாலையில் எதிரே கார் வந்தால், ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே இந்தப் பக்கமே நின்றுகொள்ளுங்கள். எதிரே வருபவர் அதற்குள் புகுந்து போவார். வழிகாட்டும் செயலி நான்கு நிமிடம் மிச்சம் பிடிக்க உங்களை வேலிப்புதர்களுக்கு நடுவே இழுத்துச் செல்லப் பார்க்கும். ஏ என்று தொடங்கும் எண்ணுள்ள சாலையை விட்டு இறங்காதீர்கள். மலைப்பகுதியில் சிக்னல் அறுந்துபோகும்; வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

லட்லோவில் காஸில் ஸ்ட்ரீட் நிறுத்துமிடம் சந்தைக்கு மிக அருகில், அம்மாவுக்கு அதுதான் வசதி. ஆனால் அது குறுகிய நேரத்துக்கானது. நாள் முழுவதும் நிறுத்துவதென்றால் ஊருக்கு வெளியே காரை விட்டு பஸ்ஸில் வரும் ஏற்பாடும் இருக்கிறது. தங்குமிடம் தேடும்போதே கார் நிறுத்த இடம் உண்டா என்று கேளுங்கள். பழைய ஊர் என்பதால் பல விடுதிகளில் இருக்காது.

மாடக்குளத்தான்

மிக்க நன்றி அக்கா, நன்றி ஐயா. எட்வர்ட் கிளைவ் செய்தியை இப்போதுதான் தொலைபேசியில் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அப்படியானால் போவிஸ் எங்கே இருக்கிறது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

என் மனதில் இருக்கும் திட்டம்: முதல் நாள் லட்லோ. இரண்டாம் நாள் ஸ்டோக்ஸே, லாங் மிண்ட் மலை, மச் வென்லாக், அயன்பிரிட்ஜ். மூன்றாம் நாள் வேல்ஸில் வெல்ஷ்பூல் அருகே உள்ள போவிஸ் கோட்டையைப் பார்த்துவிட்டு ஷ்ரூஸ்பெரி வழியாக பர்மிங்காம். சரியாக வருமா?

ஆம்பல்

வராது. இரண்டாம் நாளைப் போட்டு இப்படி நெருக்காதீர்கள். முழங்கால் வலி உள்ளவரைக் காரிலிருந்து ஏற்றி இறக்கியே அந்த நாள் போய்விடும்.

லாங் மிண்டை எடுத்துவிடுங்கள். சர்ச் ஸ்ட்ரெட்டனிலிருந்து மேலே ஏறும் பர்வே சாலை ஒரு கார் அகலம்; ஒரு பக்கம் சரிவு, தடுப்புச் சுவர் கிடையாது. எதிரே வண்டி வந்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டும். வாடகைக் காரில், பெற்றோரை வைத்துக்கொண்டு வேண்டாம். மலையடிவாரத்தில் கார்டிங் மில் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஓடை ஓரம் காரை நிறுத்தி, தேநீர் குடித்துக்கொண்டு மலையை அண்ணாந்து பார்க்கலாம்.

அந்த நேரத்தை ஸ்டோக்ஸேக்குக் கொடுங்கள். லட்லோவிலிருந்து ஏ49இல் ஏழெட்டு மைல்தான். பேர்தான் கோட்டை, உண்மையில் ஒரு கம்பளி வியாபாரியின் வீடு. லாரன்ஸ் ஆஃப் லட்லோ என்பவர் 1280களில் கட்டத் தொடங்கினார். அரசருக்கே கடன் கொடுத்த பணக்காரர். வீட்டுக்கு மதில் தலைப்பு வைத்துக்கொள்ள 1291இல் முதலாம் எட்வர்டிடம் அனுமதி வாங்கினார். மூன்று ஆண்டுகளில், 1294இல், கம்பளி ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கி இறந்துபோனார். வீடு மட்டும் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. 1645இல் உள்நாட்டுப் போரின்போது பெரிய சண்டை இல்லாமல் சரணடைந்ததால் பெரிய இடிபாட்டுக்குத் தப்பியது.

பெரிய கூடத்துக்குள் போனதும் அண்ணாந்து பாருங்கள். புகைபோக்கி இல்லாத காலத்துக் கூடம். நடுத்தரையில் தீ மூட்டினார்கள். அந்தப் புகைக் கரி இன்றும் உத்திரங்களில் இருக்கிறது. வடக்கு மூலையில் மேலே ஏறும் மரப் படிக்கட்டைக் கவனியுங்கள். பலகை அறைந்த படிகள் அல்ல. ஒவ்வொரு படியும் முழு மரத்திலிருந்து வெட்டிய ஒரே கட்டை, சுவரில் செருகியிருக்கிறது. கால் பட்டுப் பட்டு நடுவே தேய்ந்திருக்கிறது. அம்மா ஏற வேண்டாம், கூடத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். வெளியே வந்தால் வாயில் கட்டடம் 17ஆம் நூற்றாண்டுடையது: மஞ்சள் பூச்சு, மரச்சட்டம், நிலைமரத்தில் ஆதாம் ஏவாள் செதுக்கு. பெரிய கோட்டைகள் எதிலும் எனக்கு இப்படி ஒரு நெருக்கம் வந்ததில்லை.

கோட்டைப்பித்தன்

ஆம்பல் சொல்வதை ஏற்கிறேன். ஸ்டோக்ஸே, மச் வென்லாக், அயன்பிரிட்ஜ் மூன்றும் ஒரு நாளுக்குப் போதும். சர்ச் ஸ்ட்ரெட்டனிலிருந்து மச் வென்லாக்குக்கு வென்லாக் எட்ஜ் மலைமுகட்டை ஒட்டி பி4371 சாலை போகிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

மச் வென்லாக்கில் மடாலய இடிபாடு இருக்கிறது. அதைவிட அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது: வில்லியம் பென்னி புரூக்ஸ் என்ற ஊர் மருத்துவர் 1850இல் இங்கே ஒலிம்பிக் பெயரில் விளையாட்டுப் போட்டி தொடங்கினார். பியர் டி கூபர்டின் 1890இல் நேரில் வந்து பார்த்தார். ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் நடந்தது 1896இல். வென்லாக் போட்டிகள் இன்றும் ஜூலையில் நடக்கின்றன.

அயன்பிரிட்ஜ் பாலத்தின் மேல் நடக்கக் கட்டணம் இல்லை. 1779இல் செவர்ன் ஆற்றின் குறுக்கே வார்ப்பிரும்பு வளைவுகளை நிறுத்தி, 1781 புத்தாண்டு நாளில் திறந்தார்கள். உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம். 378 டன் இரும்பு, 30 மீட்டர் வளைவு. கரையில் இறங்கி, விலாக்கள் சேரும் இடங்களைக் கூர்ந்து பாருங்கள். இரும்பில் இப்படியொரு பாலம் அதுவரை யாரும் கட்டியதில்லை. அதனால் தச்சர்கள் மரத்தை இணைக்கும் முறையையே கையாண்டார்கள். கழுந்து, துளை, ஆப்பு, எல்லாமே இரும்பில்! அருகிலுள்ள கோல்புரூக்டேலில் முதலாம் ஆபிரகாம் டார்பி 1709இல் மரக்கரிக்குப் பதில் கல்கரியை வைத்து இரும்பு உருக்கிக் காட்டினார். பாலத்தை வார்த்தவர் அவருடைய பேரன். 1986இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். திரும்பும்போது கார்வ்டேல் பள்ளத்தாக்கு வழியாக வந்தால் மாலை வெயிலில் பண்ணைகளைப் பார்த்தபடி லட்லோ சேரலாம்.

நெடுந்தீவான்

நான் கொவென்றியில் வசிக்கிறேன். லட்லோ, ஸ்டோக்ஸே இரண்டும் அருமையான இடங்கள். மாற்றுக் கருத்தில்லை. ஆனால் போவிஸ் பற்றி என் மனத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு அள்ளி வந்த பொருட்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் மாளிகை அது. திப்புவின் சிம்மாசனத்தை உடைத்துப் பங்கு போட்டபோது கிடைத்த தங்கப் புலித்தலை அங்கே இருக்கிறது. அவருடைய கூடாரம் அங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் அதைத் தோட்டத்து விருந்துகளுக்குப் பந்தலாக விரித்திருக்கிறார்கள். பறிகொடுத்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். எங்கள் பொருளைப் பார்க்க நாங்களே சீட்டு வாங்க வேண்டுமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. இலங்கைக்கும் இதில் பங்குண்டு. 1795-96இல் ஒல்லாந்தரிடமிருந்து யாழ்ப்பாணம் உட்பட எங்கள் கரையோரத்தைக் கைப்பற்றிய கம்பனி, முதலில் சென்னையிலிருந்துதான் எங்களை ஆண்டது.

ஷ்ரூஸ்பெரி சதுக்கத்தில் ராபர்ட் கிளைவுக்கு 1860இல் வைத்த சிலை இன்னும் நிற்கிறது. 2020இல் அதை அகற்றக் கோரி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். உள்ளாட்சி மன்றம் அகற்ற மறுத்துவிட்டது. அந்தச் சிலையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நம்மவர்களைப் பார்க்கையில் வேதனையாக இருக்கிறது.

கோட்டைப்பித்தன்

நெடுந்தீவான் அண்ணா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கொள்ளையைக் கொள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் போகக் கூடாது என்பதோடு உடன்பட என்னால் முடியவில்லை.

அந்தப் புலித்தலையைச் செய்தவர் யாரோ ஒரு தென்னிந்தியப் பொற்கொல்லர். கூடாரத் துணி இந்தியப் பருத்தி; வெள்ளைத் தரையில் பூச்சாடியும் கொடியும் ஓடும் சீட்டித் துணி. அந்தக் கைவேலையைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். நாம் போகாவிட்டால், கிளைவ் குடும்பத்தின் செல்வம் என்ற அளவில் மட்டுமே பார்ப்பவர்கள் கண்ணில் அது படும். நாம் முன்னே நின்று, இது எந்த ஊர், எந்த ஆண்டு, யாரிடமிருந்து என்று பிள்ளைகளுக்குச் சொன்னால், அந்தப் பெட்டியின் முன் நடக்கும் பேச்சே மாறும்.

அதோடு, அங்கே இருப்பது போர்க் கொள்ளை மட்டும் அல்ல. எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்ரியெட்டா 1800இல் இரண்டு மகள்களோடு சென்னையிலிருந்து கிளம்பி, பெங்களூர், சீரங்கப்பட்டணம் போய், திருச்சி, தஞ்சாவூர் வழியாகத் திரும்பினார். செடிகளும் கற்களும் சேகரித்தார். பன்னிரண்டு வயது மகள் சார்லட் அந்தப் பயணத்தை நாட்குறிப்பாக எழுதினாள். பின்னாளில் இளவரசி விக்டோரியாவுக்கு ஆசிரியையாக இருந்தது அவள்தான். கணவர் ஆற்காட்டு நவாபின் நாட்டைக் கம்பெனிக்கு எழுதி வாங்கிய ஒப்பந்தம் 1801 ஜூலையில். மனைவி ஊர் சுற்றிப் பார்த்ததும் கணவர் நாட்டை வளைத்ததும் ஒரே காலத்தில் நடந்தவை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் இடம் போவிஸ்.

நெடுந்தீவான்

உங்கள் வாதம் விளங்குகிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம். ஆயினும் அந்தச் சீட்டுக் காசு எனக்கு உறுத்தும். போகிறவர்களைத் தடுக்கவில்லை. போகிறவர்கள் அங்கே வைத்திருக்கும் கருத்துப் புத்தகத்திலோ மின்னஞ்சலிலோ தங்கள் எண்ணத்தை எழுதிவிட்டு வரட்டும். அதையாவது செய்யலாம்.

பாறைமொழி

விவாதத்துக்கு நடுவே வேறொரு செய்தி. லட்லோ என்ற பெயர் உலகப் புவியியல் கால அட்டவணையிலேயே இருக்கிறது. சிலூரியன் காலத்தின் ஒரு பகுதிக்கு லட்லோ என்றுதான் பெயர். சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. 1830களில் ராடரிக் மர்ச்சிசன் இந்தப் பகுதிப் பாறைகளை ஆராய்ந்து சிலூரியன் என்ற காலத்தையே வரையறுத்தார். லட்ஃபோர்டு பாலத்தருகே சாலையோரப் பாறையில் மெல்லிய பட்டையாக ஓர் அடுக்கு உண்டு. மீன் செதில், முள், பல் ஆகியவற்றின் துணுக்குகள் நிறைந்தது. புவியியல் படிப்பவர்கள் தேடி வந்து பார்க்கும் இடம். சட்டப் பாதுகாப்பு உள்ளது. சுத்தியல் படக்கூடாது, கல் எடுக்கக்கூடாது. அப்பாவுக்கு மன்னர்களின் காலம் போதாதென்றால் இதையும் காட்டுங்கள்.

ரேணுகா (டெல்ஃபோர்ட்)

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே! லட்லோ உணவுக்குப் பெயர் போன ஊர். 1995 முதல் செப்டம்பரில் உணவுத் திருவிழா நடக்கிறது. சந்தை திங்கள், புதன், வெள்ளி, சனி. ஜூனில் ஸ்ட்ராபெரி வந்துவிடும். ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிக் கோட்டை வெளி முற்றத்துப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். அங்கே தரை சமமாக இருக்கும், அம்மாவுக்குச் சிரமம் இல்லை.

பாலாடைக்கட்டி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாரம்பரிய முறையில் செய்யும் பலவற்றில் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். சைவத்துக்கு ஏற்றது என்று அட்டையில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். பப்களில் சமையலறை மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடினால் மாலை ஆறுக்குத்தான் திறக்கும். ஞாயிறு இரவு பல இடங்களில் அடுப்பே மூட்டமாட்டார்கள். காரில் கொஞ்சம் தயிர்சாதம், ஊறுகாய், பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஜூனில் ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும். கோட்டை ஐந்து மணி வாக்கில் மூடிவிடும். அந்த நான்கு மணி நேரத்தை வீணாக்காதீர்கள். டின்ஹம் பாலத்தருகே ஆற்றங்கரையில் பெஞ்சுகள் இருக்கின்றன. தடுப்பணையில் தண்ணீர் விழும், தலைக்கு மேலே கோட்டை நிற்கும். கால் நன்றாக இருப்பவர்கள் எதிர்க்கரை விட்கிளிஃப் மேட்டில் ஏறினால் ஊர் முழுவதும் தெரியும்.

ஆம்பல்

சீட்டு விவரமும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டோக்ஸே, வென்லாக் மடாலயம், ராக்ஸிட்டர் என்ற ரோமானிய நகர இடிபாடு மூன்றும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற அமைப்பின் பராமரிப்பில் இருப்பவை. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு அவர்கள் 9 நாள், 16 நாள் சீட்டு தருகிறார்கள். அம்மா அப்பாவுக்கு அது லாபமா என்று கணக்குப் பாருங்கள். போவிஸும் கார்டிங் மில்லும் நேஷனல் டிரஸ்ட் வசம். லட்லோ கோட்டை தனியாருடையது என்பதால் இந்த இரண்டு அமைப்புகளின் சீட்டும் அட்டையும் அங்கே செல்லாது.

போவிஸுக்கு ஏ49இல் க்ரேவன் ஆர்ம்ஸ் தாண்டி ஏ489 பிடித்து, சர்ச்ஸ்டோக்கில் ஏ490க்கு மாறி வெல்ஷ்பூல் போங்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். எல்லை தாண்டியதும் ஊர்களுக்குள் பொதுவாக 20 மைல்தான் வரம்பு. 2023 செப்டம்பரில் வேல்ஸ் அரசு குறைத்துவிட்டது. இங்கிலாந்து நினைப்பில் 30இல் போனால் அபராதம் வரும். போவிஸ் தோட்டம் அடுக்கடுக்காக இறங்குவது. அம்மா மேல் அடுக்கோடு நின்றுகொள்ளட்டும், காட்சி அங்கிருந்தே முழுமையாகத் தெரியும்.

திரும்பும்போது ஷ்ரூஸ்பெரிக்கு அப்பால் ராக்ஸிட்டர் வழியிலேயே இருக்கிறது. ரோமானிய பிரிட்டனின் நான்காவது பெரிய நகரம். குளியல் மாளிகையின் ஒரு சுவர் மட்டும் ஏழு மீட்டர் உயரத்துக்கு இன்றும் நிற்கிறது. அங்கிருந்து எம்54 பிடித்தால் நேரே பர்மிங்காம் பக்கம் வந்துவிடலாம்.

மாடக்குளத்தான்

போய் வந்துவிட்டோம். வழிகாட்டிய எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

க்ளீ ஹில்லில் ரேணுகா அக்கா சொன்ன ஆடுகள் அப்படியே சாலையில் படுத்திருந்தன. அம்மா இறங்கிப் போய் ஒன்றைத் தட்டிக்கொடுத்து எழுப்பினார். லட்லோ தேவாலயத்தில் பாடகர் இருக்கைகளுக்கு அடியில் மரச் செதுக்குகள் இருக்கின்றன. இருக்கையைத் தூக்கினால் தெரியும். அளவில் ஏமாற்றிய பீர் விற்கும் பெண்ணை, கையில் குவளையோடு, பிசாசு தோளில் தூக்கி நரகத்துக்குக் கொண்டுபோகிறது. அம்மாவுக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது அதுதான். உள்ளே போகச் சீட்டு இல்லை, விரும்பியதைப் பெட்டியில் போடலாம். கோபுரத்தில் 200 படி. அப்பா மட்டும் ஏறினார்.

ஸ்டோக்ஸேயில் அந்த மரப்படிகளின் தேய்மானத்தை அப்பா உட்கார்ந்து தடவிப் பார்த்தார். அயன்பிரிட்ஜில் மழை பிடித்துக்கொண்டது. பாலத்தடியில் இறங்க முடியவில்லை.

போவிஸில் நீண்ட நேரம் இருந்தோம். புலித்தலை நான் நினைத்ததைவிடச் சிறியது. கண்ணும் பல்லும் மாணிக்கமும் அவ்வளவு நுணுக்கம். அப்பா அதன் முன் நின்று பேசாமல் இருந்தார். பிறகு என்னிடம், "மே மாதம் சீரங்கப்பட்டணம், அக்டோபரில் கயத்தாறு. இடையில் ஐந்து மாதம்தான். பள்ளியில் இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்தினேன், ஒரே ஆளுநர் என்று சேர்த்துச் சொன்னதில்லை" என்றார். பக்கத்தில் நின்ற ஆங்கிலேயத் தம்பதி என்ன பேசுகிறோம் என்று கேட்டார்கள். அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கட்டபொம்மன் கதையை முழுவதும் சொன்னார். அவர்கள் கடைசிவரை நின்று கேட்டார்கள், பெயரை எழுதிக்கொண்டார்கள்.

நெடுந்தீவான் அண்ணா, உங்கள் யோசனைப்படி அப்பா ஒரு கடிதமும் எழுதி அனுப்பிவிட்டார். ஷ்ரூஸ்பெரிச் சிலையைக் காரிலிருந்துகூடப் பார்க்க வேண்டாம் என்றார்; நேராக ராக்ஸிட்டர் வந்துவிட்டோம்.

நெடுந்தீவான்

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் தம்பி. அவரைப் போல ஒருவர் கூட வருவதாக இருந்தால் நானும் போவிஸுக்கு வருகிறேன்.

கோட்டைப்பித்தன்

ஐயாவிடம் இதையும் சொல்லுங்கள். சென்னை ராஜாஜி மண்டபம் இருக்கிறதல்லவா, அதைக் கட்டச் செய்தவரும் இதே எட்வர்ட் கிளைவ்தான். வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் வடிவமைத்து 1802இல் முடிந்தது. பிளாசி வெற்றிக்கும் சீரங்கப்பட்டண வெற்றிக்கும் நினைவாக எழுப்பிய விருந்து மண்டபம். தந்தையின் வெற்றியும் மகன் காலத்து வெற்றியும் ஒரே கட்டடத்தில். ஊர் திரும்பும் வழியில் சென்னையில் இறங்குவதாக இருந்தால் வெளியிலிருந்தாவது பார்க்கச் சொல்லுங்கள்.

வேனிலான்

இந்த இழையைப் படித்துத்தான் லட்லோவைத் தெரிந்துகொண்டேன். டிசம்பர் விடுமுறையில் போனால் இதே திட்டம் நடக்குமா?

ரேணுகா (டெல்ஃபோர்ட்)

லட்லோ மட்டும் என்றால் போகலாம், கிறிஸ்துமஸ் நேரத்தில் சந்தை நன்றாக இருக்கும். காரில் சுற்றுவதற்கு அது காலமில்லை. நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். க்ளீ ஹில் மேல் மூடுபனியும் உறைபனியும் இருக்கும். பண்ணைச் சாலைகளில் இரவில் உப்பு தூவமாட்டார்கள். ஸ்டோக்ஸே போன்ற இடங்கள் குளிர்காலத்தில் சில நாட்களே திறந்திருக்கும், எந்தெந்த நாள் என்று அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அதற்குப் பிறகு ஒரு தேதி குறியுங்கள்; ஏப்ரலில் வயல் முழுவதும் ஆட்டுக்குட்டிகளாக இருக்கும்.